குமுதவல்லியின் அளவு

கேட்டால் நம்ப மாட்டீர்கள் என்று சொல்லி ஆரம்பிக்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. சாலிகிராமத்தில் சினிமாவுக்குத் துணி தைக்கிற தெரு எங்களுடையது; ராஜாவையும் பிச்சைக்காரனையும் ஒரே மெஷினில் தைத்து, ஒரே இஸ்திரிப் பெட்டியில் தேய்த்து, ஒரே வேனில் ஏற்றி அனுப்புகிறவர்கள் நாங்கள், ஆகையால் ஆச்சரியப்படுவது எங்களுக்குக் கொஞ்சம் குறைச்சல். காஸ்ட்யூம் டிசைனர் ஜெசிந்தா மேடம் வரைந்து கொடுத்த உடைகளெல்லாம், யாருக்கு அளவெடுத்து யாருக்கு வெட்டினாலும், ஒரே ஒரு பெண்ணின் அளவுக்கு வரத் தொடங்கியபோது, டேப்பை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்றுதான் முதலில் கேட்டோம்.

முதலில் வந்தது ஒரு கல்யாணக் கோட்டு. ஹீரோவுக்கு மார்பு நாற்பத்து நான்கு. நாற்பது வருஷமாகக் கத்திரி பிடிக்கிற கட்டிங் மாஸ்டர் சப்ஜான் தன் கையால் அளந்து, தன் கையால் வெட்டி, கடைசி நூலைப் பல்லால் கடித்து அறுக்கும்வரை அது நாற்பத்து நான்காகத்தான் இருந்தது. இஸ்திரி போட்டு எடுத்தால் மார்பு முப்பத்திரண்டு, இடுப்பு இருபத்தாறு, ஐந்தடி ஓரங்குல உயரப் பெண்ணுக்குக் கச்சிதமான நீளம், வலது தோளைவிட இடது தோள் அரை அங்குலம் கீழே. ஹீரோ ஒரு கையை விட்டார், முழங்கையோடு மாட்டிக்கொண்டது, உருவி எடுக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். யாரோ விளையாடுகிறார்கள் என்று அவர் சிரித்தார். இரண்டாவது கோட்டும் அப்படியே வந்தபோது சிரிக்கவில்லை. வில்லனின் லுங்கிக்கு ஏது அளவு என்று தைரியமாக மடித்துத் தைத்து அனுப்பினோம். அதுவும் அதே பெண்ணின் கணுக்காலில் முடிகிற நீளத்துக்குச் சுருங்கி, வில்லனின் முட்டிக்குக் கீழே நின்றது.

அந்த அரை அங்குலத்தைப் பார்த்ததும் ஆள் யாரென்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. குமுதவல்லி. கதாநாயகிகளுக்குப் பதிலாக ஓடி, குதித்து, மாடியிலிருந்து விழுகிற டூப். குதிரையிலிருந்து ஒருமுறை விழுந்து காரை எலும்பு கோணலாகக் கூடியதிலிருந்து அவளுக்கு இடது தோள் அரை அங்குலம் இறங்கிவிட்டது, அதை இறக்கி இறக்கி வெட்டிச் சப்ஜான் மாஸ்டரின் கைக்கே அது மனப்பாடம். தெரிந்தும் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. டேப்பை மாற்றச் சொன்னோம், துணி சுருங்குகிறது என்றோம், மாஸ்டருக்குக் கண்புரை என்று சொல்லி ஆபரேஷன்கூடச் செய்து வைத்தோம், பெயரை மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதுதான் இந்தக் கதையில் எங்களுக்கு வெட்கமான இடம், அதையும் சொல்லிவிடுகிறோம்.

ஜெசிந்தா மேடம் தூத்துக்குடியிலிருந்து இருபத்திரண்டு வயதில் ஓவியப் பரீட்சை சர்ட்டிபிகேட்டோடு வந்தவர். சண்டைக் காட்சிச் சட்டைகளில் போலி ரத்தம் கழுவுகிற வேலையில் சேர்ந்தார். புதுச் சட்டையை டீ டிகாஷனில் ஊறவைத்து, காலரை உப்புத்தாளால் தேய்த்து, ஒரே மதியத்தில் பத்து வருஷ வறுமையை அதில் ஏற்றிவிடுவார். ஒரு ஆள் நடந்து வருவதைப் பார்த்தே இவர் எந்தத் தோளில் பை மாட்டுவார், எந்தப் பையில் சாவி வைப்பார் என்று சொல்லுவார்; சொன்னது தப்பாது. பதினாறு வருஷத்தில் டைட்டிலில் அவர் பெயர் தனி கார்டில் வந்தது. நாங்கள் விசில் அடித்தோம், எங்கள் தெருப் பெயரே அந்த கார்டில் வந்த மாதிரி இருந்தது.

பிறகு அந்த அரண்மனைப் படம் வந்தது. எரிகிற அரண்மனையிலிருந்து இளவரசி ஓடிவர வேண்டும். நாற்பது துண்டு சேர்த்துத் தைத்த பாவாடை, அதற்குள்ளே விறைப்பான நைலான் வலை, நாங்கள் கேன்கேன் என்போம், அது இருந்தால்தான் பாவாடை விரித்த குடையாக நிற்கும். வாசலில் நிற்கிற ஷாட்டைக் கதாநாயகியை வைத்து எடுத்துவிட்டார்கள். நெருப்பில் ஓடுகிற ஷாட் குமுதவல்லிக்கு. நெருப்புக் காட்சியில் பருத்தியைத் தவிர வேறெதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்பது எங்கள் தெருவில் பட்டன் தைக்கிறவருக்கும் தெரியும். ஆனால் கேன்கேன் இல்லாமல் பாவாடை தொங்கியது, முந்தைய ஷாட்டோடு மேட்ச் ஆகவில்லை. எங்கள் தொழிலில் பொய்யாக இருக்கலாம், பொருந்தாமல் இருக்கக் கூடாது.

"ஒரே ஒரு லேயர் வைங்க மாஸ்டர்," என்றார் ஜெசிந்தா மேடம்.

"நெருப்பும்மா. வேணாம்," என்றார் சப்ஜான் மாஸ்டர்.

"பத்து செகண்டு ஷாட்டு. வைங்க."

வைத்தார். நாங்கள் இஸ்திரி போட்டுக் கொடுத்தோம். உடுத்திக்கொண்ட குமுதவல்லி, "மேடம், உள்ள என்னமோ குத்துது," என்றாள். பத்து செகண்டு பொறுத்துக்கோ என்று மேடம் சொன்னதை நாங்களும் கேட்டோம். நைலான் பருத்தி மாதிரி எரிந்து உதிர்வதில்லை, உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றிச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

விசாரணை என்று வந்தபோது படக் கம்பெனி ஒரு கடிதம் தயார் செய்தது: டூப் கலைஞர் யாரிடமும் சொல்லாமல் தன் சொந்த நைலான் உள்பாவாடையை அணிந்து வந்துவிட்டார் என்று. ஜெசிந்தா மேடம் கையெழுத்துப் போட்டார், சப்ஜான் மாஸ்டர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார், கையெழுத்துப் போடாத நாங்கள் வாயை மூடிக்கொண்டோம், இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. குமுதவல்லி நான்கு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். அந்தப் படத்தின் உடைகளுக்குப் பெரிய விருது ஒன்று கிடைத்தது. விருது வாங்கி வந்த அடுத்த புதன்கிழமைதான் அந்தக் கல்யாணக் கோட்டு.

இப்படியாக அளவு வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டது. மெஷின்களுக்கு எலுமிச்சம்பழம் கட்டினோம், பூசணிக்காய் உடைத்தோம், பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார், தர்காவிலிருந்து கயிறு வந்தது, வாஸ்துக்காரர் கட்டிங் டேபிளைத் தென்மேற்குக்குத் தள்ளச் சொல்லித் தள்ளினோம், தள்ளிய இடத்திலும் அது முப்பத்திரண்டு, இருபத்தாறு, அரை அங்குலம் என்றே வந்தது. வந்ததை மாற்ற முடியாது என்று தெரிந்ததும், ஊர் எப்போதும் செய்வதைச் செய்தது: அதற்கேற்ப மாறிக்கொண்டது. டைரக்டர்கள் ஐந்தடி ஓரங்குலக் கதாநாயகிகளைத் தேடிப் பிடித்தார்கள். தமிழ்ப் பெண்ணின் இயல்பான அழகு திரும்பி வந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. ஹீரோக்களுக்குப் பொருந்தாத கோட்டுகளை எங்கள் தெருப் பெண்கள் போட்டுக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் நின்றார்கள். விருகம்பாக்கத்தில் ஒரு கடை 'ஜெசிந்தா சைஸ்' என்று போர்டு மாட்டியது. அந்த அளவுத் துணி உடம்பில் ஏறுவதற்காகப் பெண்கள் ராத்திரிச் சாப்பாட்டை விட்டார்கள். தோள் மட்டும் ஒத்துவராதவர்கள் கனமான பையை இடது தோளில் மாட்டி நடந்து நடந்து அரை அங்குலம் இறக்கிக்கொண்டார்கள். இரண்டு வருஷத்தில் ஆற்காடு ரோட்டில் பாதிப் பெண்கள் இடப்பக்கம் சாய்ந்து நடந்தார்கள், அதுதான் ஸ்டைல் என்றும் ஆகிவிட்டது.

அந்தச் சாய்ந்த தோள்களுக்கு நடுவில்தான் குமுதவல்லியும் நடந்து போவாள். முகம் தேவைப்படாத வேலையாக அவளுக்கு டப்பிங் கிடைத்திருந்தது; படங்களில் கூட்டம் அலறுகிறதே, அந்த அலறலில் ஒரு குரல் அவளுடையது. வாரத்தில் இரண்டு நாள் எங்கள் தெரு வழியாக ஸ்டுடியோவுக்குப் போவாள். நாங்கள் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிடுவோம்.

ஊர் மாறிக்கொண்டது, பெரிய ஹீரோக்கள் மாறிக்கொள்ளவில்லை. ஜெசிந்தா மேடத்துக்குப் படங்கள் நின்றன. பூந்தமல்லி பைபாஸில் இருந்த ஒரு ஃபேஷன் கல்லூரி அவரைப் பாடம் நடத்தக் கூப்பிட்டது. வரைவதிலும் பேசுவதிலும் அளவுக்கு வேலை இல்லை, அங்கே அது தன்னைத் தொடர்ந்து வராது என்று நினைத்துத்தான் அவர் போயிருக்க வேண்டும். நன்றாகவே சொல்லிக் கொடுத்தார், அதை மறுப்பதற்கில்லை. மாணவிகளைக் கோயம்பேடு பஸ் நிலையத்துக்கு அழைத்துப்போய் மூன்று மணி நேரம் உட்காரவைத்து, யாருடைய காலர் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, ஏன் என்று எழுதச் சொல்லுவார். "ஆளைப் பாக்கத் தெரியாதவளுக்குக் கத்திரி எதுக்கு?" என்பார். ஆறாவது வருஷம், வெட்டும் தையலும் சொல்லிக் கொடுத்த ஆசிரியை பிரசவத்துக்குப் போக, அந்த வகுப்பும் இவர் தலையில் விழுந்தது. ஒரே மாதத்தில் நாற்பது மாணவிகள் தைத்த நாற்பது உடைகளும் முப்பத்திரண்டு, இருபத்தாறு, அரை அங்குலம்.

கல்லூரி எங்களைவிடக் கெட்டி. பிரின்ஸிபல் அதே அளவில் நாற்பது பொம்மைகள் வரவழைத்து வகுப்பில் நிறுத்தினார், அதே அளவுப் பெண்களை வைத்து ஃபேஷன் ஷோ நடத்தினார், அடுத்த வருஷ விளம்பரத்தில் 'எங்கள் கல்லூரிக்கே உரிய தனி அளவு' என்று அச்சடித்தார். ஜெசிந்தா மேடத்தைத் துறைத் தலைவராக்குவது என்று முடிவாகி, ஆர்டர் திங்கள்கிழமை வருவதாக இருந்தது.

கேள்வி கேட்டது பிரார்த்தனா. அந்த வகுப்பிலேயே பெரிய உடம்புக்காரி. அக்கா கல்யாணத்துக்குத் தனக்கே ஜாக்கெட் தைத்துக்கொண்டாள், தைத்தது தன் கைமுட்டியைத் தாண்டவில்லை.

"மேடம், இது யாரோட அளவு?"

"ஸ்டாண்டர்டு அளவும்மா."

"ஸ்டாண்டர்டுக்கு எதுக்கு மேடம் ஒரு தோள் கீழ இருக்கு?"

மேடம் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். அந்தப் பெண் விடுகிற ஜாதி இல்லை, ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கே வந்து கடை கடையாகக் கேட்டாள். தெரியாது, தெரியாது, தெரியாது என்றோம். சப்ஜான் மாஸ்டர் மட்டும் ஜாக்கெட்டை வாங்கி மடியில் விரித்து, இடது தோளை விரலால் தடவிப் பார்த்தார்.

"குமுதவல்லியோடது," என்றார்.

எட்டு வருஷத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் அந்தப் பெயரை ஒருவர் வாய்விட்டுச் சொன்னார். எல்லா மெஷினும் நின்றுவிட்டன. அவர் டப்பிங் ஸ்டுடியோவுக்கு வழியும் சொல்லி அனுப்பினார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் குமுதவல்லி கல்லூரிக்குப் போனாள். அங்கே நடந்ததைப் பிரார்த்தனா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை, அதுவும் இரண்டு அளவு பெரிது, அதுதான் அவள் உடுப்பு. கழுத்திலிருந்து இடது பக்கம் முழுக்கத் தோல் சுருங்கி இழுத்திருந்ததால் வேறெதுவும் ஏறுவதில்லை. வகுப்புக்குள் வந்தவள் முதலில் பொம்மைகளைத்தான் பார்த்தாள். நாற்பதும் அவள்தான், இருபத்து மூன்று வயதில் இருந்த அவள். வரிசைக்குள் நடந்துபோய் ஒவ்வொன்றின் இடது தோளையும் தொட்டுப் பார்த்தாள்.

"ஊரு பூரா என் அளவுல போட்டுனு திரியுது மேடம். ரோட்ல பாக்குறேன், பஸ்ல பாக்குறேன். எனக்கு ஒண்ணு ஏறல." கையைத் தூக்கிக் காட்டினாள். அது தோள்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழேயே நின்றது. "இவ்ளோதான் வரும்."

"நான் தச்சுத் தரேன் குமுதா."

"துணிக்கு வரல. ஒண்ணு கேக்க வந்தேன். அன்னிக்கு உள்ள இருந்த நைலானு யார்து?"

ஜெசிந்தா மேடம் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"என்னுதுன்னு எழுதிருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. என் வீட்டுக்காரரு அதக் காட்டிட்டுதான் என்ன விட்டுட்டுப் போனாரு, நெருப்புல எறங்கறவ நைலான் கட்டினு போவாளான்னு. எங்கம்மா சாவற வரைக்கும் அதையேதான் கேட்டுச்சு. நானும் இல்ல இல்லன்னு சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே டவுட்டு வந்துருச்சு மேடம். நான்தான் கட்டினு வந்தேனோன்னு. சில நாளு வீட்ல இருந்து அதக் கட்டினு கெளம்பற மாதிரியே ஞாபகம் வருது. அத மட்டும் சொல்லுங்க. நான் போயிடறேன்."

அதற்குள் யாரோ சொல்லி பிரின்ஸிபல் வாசலுக்கு வந்துவிட்டார். "மேடம், ஸ்டூடண்ட்ஸ் முன்னாடி எதுக்கு? ஆபீஸ்ல வச்சுப் பேசிக்கலாமே," என்றார் இதமாக. ஆபீஸ் கதவு இரண்டு தப்படி தூரம்தான். அங்கே போயிருந்தால் நாற்காலி போட்டிருப்பார்கள், காப்பி வந்திருக்கும், ஏதோ ஒரு வார்த்தை கிடைத்திருக்கும், திங்கள்கிழமை ஆர்டரும் வந்திருக்கும்.

"நான் வைக்கச் சொன்னது," என்றார் ஜெசிந்தா மேடம். "மாஸ்டர் வேணாம்னாரு. ஷாட்டு மேட்ச் ஆகாதுன்னு நான்தான் வைக்கச் சொன்னேன். உன்னோடது இல்ல குமுதா. அந்த லெட்டர் பொய். பொய்னு தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பாவாடைக்குத்தான் விருதும் வாங்கினேன்."

குமுதவல்லி ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். அழவில்லை.

"குத்துச்சு இல்ல?" என்று கேட்டாள்.

"குத்துதுன்னு நீ சொன்ன. பொறுத்துக்கோன்னு நான் சொன்னேன்."

"அப்போ நான் பைத்தியம் இல்ல."

"இல்ல."

குமுதவல்லி எழுந்தாள். "சரி. இப்ப இருக்கற அளவ எடு," என்றாள். அதுவரை மேடம், நீங்க என்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா மேடம் டேப்பை எடுத்தார். பிரார்த்தனா மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இடது பக்கம் வலதைவிட மூன்று அங்குலம் குட்டை. கழுத்து திரும்புகிற தூரம், கை உயருகிற தூரம், மூச்சு இழுத்தால் விரிகிற பக்கம், விரியாத பக்கம். எண்களைச் சொல்லச் சொல்ல ஒரு மாணவி எழுதிக்கொண்டாள், மற்றவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

மறுநாளிலிருந்து யாருக்குத் தைத்த உடையும் அவரவர் அளவுக்கே வந்தது. பிரார்த்தனாவின் ஜாக்கெட் அவளுக்குப் பொருந்தியது, மாணவிகள் லட்டு கொடுத்தார்கள், நாற்பது பொம்மைகளும் ஸ்டோர் ரூமுக்குப் போயின, விருகம்பாக்கம் கடை போர்டை மாற்றியது. எங்கள் தெருப் பெண்கள் தோளை நிமிர்த்திக்கொண்டார்கள். சிலருக்கு அது பழகிப்போய் இன்னும் சாய்ந்தபடிதான் இருக்கிறது. பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்ட விஷயங்களை வகுப்பில் பேசியதற்காகக் கல்லூரி ஜெசிந்தா மேடத்தை வேலையை விட்டு அனுப்பியது. அவர் விருதைத் திருப்பி அனுப்பி, உண்மையை எழுதிச் சினிமாத் தொழிலாளர் சங்கத்தில் கொடுத்தார். சப்ஜான் மாஸ்டரும் போய் அதில் கையெழுத்துப் போட்டார். சங்கம் அதை வாங்கி பீரோவில் வைத்திருக்கிறது. பாவம் தீர்ந்தது, அளவு போய்விட்டது என்று நாங்கள் பெருமூச்சு விட்டோம். எங்களுக்கு எல்லாமே சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஒரு உடை மட்டும் மாறவில்லை. குமுதவல்லியின் புது அளவுக்கு ஜெசிந்தா மேடம் தானே வெட்டித் தைத்த ஜாக்கெட், இஸ்திரி போட்டதும் முப்பத்திரண்டு, இருபத்தாறு, அரை அங்குலம் என்று வந்து நின்றது. மூன்று துணி மாற்றித் தைத்தார், மூன்றும் அப்படியே. மாங்காட்டில் குமுதவல்லி இருக்கிற ஒற்றை அறைக்கு எடுத்துப்போனார். அவள் விரித்துப் பார்த்தாள்.

"இது அவளுக்குத் தச்சது. அவ இல்ல," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

ஜெசிந்தா மேடம் அங்கேயே தரையில் உட்கார்ந்து தையலைப் பிரித்தார். மெஷின் இல்லாமல், டேப் இல்லாமல், பிரித்த துணியை அவள் உடம்பின் மேலேயே வைத்து, சுருங்கிய தோல்மேல் விரலால் தடவித் தடவி, அக்குளில் சதுரத் துண்டு ஒன்று கொடுத்து, பக்கத்தைத் தளர்த்தி, கையாலேயே தைத்து முடிக்க மத்தியானமாகிவிட்டது. அது பொருந்தியது. குமுதவல்லி எட்டு வருஷத்தில் முதல்முறையாகப் புடவை கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்வந்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் ஜாக்கெட் மெல்ல மெல்ல இறுகிப் பழைய அளவுக்கே போய்விட்டது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜெசிந்தா மேடம் மாங்காட்டுக்குப் போகிறார். காலையில் பிரிப்பார், மத்தியானம் தைப்பார், சாயங்காலம் அது சுருங்கும், அடுத்த ஞாயிறு மறுபடி பிரிப்பார். பிரார்த்தனாவும் இன்னும் மூன்று பெண்களும் கற்றுக்கொள்ள வருகிறார்கள்; கை தூக்க முடியாத உடம்புக்கு எப்படி வெட்டுவது என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லையாம். இத்தனை பேருக்கு எங்கே இடம் என்று குமுதவல்லி முணுமுணுப்பாள், கதவை மட்டும் சாத்துவதில்லை. மன்னித்துவிட்டாளா என்று நாங்கள் பிரார்த்தனாவிடம் கேட்டோம். அதைக் கேட்க நீங்க யாரு என்றாள் அந்தப் பெண்.

போன ஞாயிற்றுக்கிழமை பொறுக்கமாட்டாமல் அவளே கேட்டிருக்கிறாள்: "அக்கா, இன்னும் எத்தன வாரம் இப்படிப் பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கறது?"

குமுதவல்லி கண்ணாடி முன்னால் நின்று கையைத் தோல் விடுகிற வரைக்கும் தூக்கிப் பார்த்தாள். ஜாக்கெட் எங்கும் இழுக்கவில்லை.

"எனக்கு எட்டு வருசமாச்சு," என்றாள். "இவங்களுக்கு இன்னும் எட்டு மாசங்கூட ஆவல."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். ஜெசிந்தா மேடம் தரையில் சிந்திக் கிடந்த நூல்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.